பத்துப் பாகைக்கு ஒரு நாற்காலி

நகரத் தண்ணீர் அலுவலகத்தில் பத்துப் பாகைக்கு ஒரு நாற்காலி என்பது விதி. யார் போட்ட விதி என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆண்டறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வட்டப் படம் வரும். அலுவலகத்தின் ஆறு பிரிவுகளுக்கு ஆறு துண்டுகள். இயக்குநர் அதில் கையெழுத்துப் போட்டதும் அளவுப் பரிசோதகர் வந்து, படத்தின் மேல் கோணமானியை வைத்து, ஒவ்வொரு துண்டும் எத்தனை பாகை என்று அளப்பார். அறுபது பாகை என்றால் அந்தப் பிரிவுக்கு ஆறு பேர். ஐம்பத்தொன்பது என்றால் ஐந்து பேர். ஆறாவது ஆள் எழுந்துகொள்ள வேண்டியதுதான்.

முன்பெல்லாம் எத்தனை வீடு, எத்தனை குழாய் என்று பார்த்து ஆள் போட்டார்களாம். அதற்கு வீடுகளையும் குழாய்களையும் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. வெயில் வேறு. அதனால் வட்டத்துக்கு மாறினார்கள்.

அளவுப் பரிசோதகரை எல்லோரும் கோணமானி என்றே கூப்பிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பெட்டியில் கிடக்குமே, அதே பிளாஸ்டிக் அரைவட்டத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருபத்தொன்பது வருடம் சேவை செய்தவர். அளவில் அரைப் பாகை பிசகியதில்லை. எதற்காக அளக்கிறோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு காரணங்களாலும் அவருக்கு நல்ல பெயர்.

படத்தை இதுவரை கவராயத்தால் காகிதத்தில்தான் வரைந்துவந்தார்கள். அதில் ஒரு சங்கடம். கவராயத்தின் முள் குத்திய ஓட்டை, நடுவில் எழுதிய ‘இயக்குநர்’ என்ற சொல்லின் மேலேயே வருடா வருடம் விழுந்தது. புதிதாக வந்த இயக்குநர் ஆண்டறிக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் பதவியின் வழியாக ஜன்னல் தெரிந்தது. இனிமேல் படத்தைக் கணினியில்தான் போட வேண்டும் என்று அன்றே ஆணை பிறந்தது.

கணினியில் படம் போடத் தெரிந்தவள் அந்தக் கட்டடத்தில் ஒருத்திதான். அவள் பெயர் எதுவோ, அலுவலகத்தில் தற்காலிகம் என்றுதான் சொல்வார்கள். தற்காலிகப் பணியாளராகச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை அவளை வேலையிலிருந்து நீக்குவார்கள். மறுநாள் புதிதாகச் சேர்ப்பார்கள். நீக்கப்பட்ட நாளில் வீட்டில் துணி துவைப்பாள். அம்மாவின் அலுவலகத்துக்கு அது ஏதோ விடுமுறை என்று மகள் நினைத்துக்கொண்டிருந்தாள். தற்காலிகத்துக்கென்று அலுவலகத்தில் நாற்காலி கிடையாது. விடுப்பில் போனவர்களின் நாற்காலியில் உட்காருவாள். எல்லோரும் வந்துவிட்டால் அலமாரி ஓரம் நிற்பாள். அப்படி எல்லோரும் வந்த நாள் அதிகம் இல்லை.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“நீ கம்ப்யூட்டர்ல படம் போடுவியாமே?”

“கொஞ்சம் தெரியும் சார்.”

“கொஞ்சம் வட்டம் வேண்டாம்மா. முழு வட்டம் வேணும்.” சிரித்துவிட்டு, மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். “இன்னொரு விஷயம். வட்டத்துக்குள்ள இடம் இல்லாத யாரும் மாசக் கடைசிக்கு மேல இங்க இருக்கக் கூடாதுன்னு மேலிடத்துல இருந்து எழுதிட்டாங்க. நீ வட்டத்துக்கு வெளியே இருக்கே.”

“மறுநாள் சேத்துப்பீங்கல்ல சார்?”

“இந்தத் தடவை மறுநாள் இல்லை.”

“உள்ள வர என்ன சார் பண்ணணும்?”

“பத்து டிகிரி. அவ்வளவுதான். ஆறு பிரிவு இருக்கு, யாராவது ஒருத்தர் பத்து டிகிரி விட்டுக்கொடுத்தா நீ நிரந்தரம். மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கில்ல? போய்க் கேளு. என்கிட்ட இருந்தா நானே கொடுத்திருப்பேன்.”

அது உண்மைதான். நடுவில் இருப்பவருக்குப் பாகை கிடையாது. எல்லாப் பாகையும் அவரிடமிருந்து கிளம்பி வெளியே போகிறது என்பதோடு சரி.

அவள் முதலில் குழாய்ப் பிரிவுக்குப் போனாள். அங்கே ஆறு நாற்காலி. ஐந்தில் ஆள் இருந்தார்கள். ஆறாவதில் சாப்பாட்டுப் பைகள் இருந்தன. அவள் அந்த நாற்காலியைப் பார்ப்பதைக் குழாய்ப் பிரிவுத் தலைவர் பார்த்துவிட்டார்.

“காலியா இருக்குன்னு நினைக்காதேம்மா. நாலு வருஷமா அதைக் காலியா வச்சுக் காப்பாத்துறோம். அது எங்க பிரிவோட மானம்.”

மோட்டார்ப் பிரிவுத் தலைவர் இன்னும் தாராளமாகப் பேசினார். “பத்து என்ன, இருபதே தருவேன். நீ போன மாசம் கேட்டிருந்தா தந்திருப்பேன். இப்பத் தந்தா மேலிடத்துக்குப் பயந்து தந்த மாதிரி ஆயிடும். எனக்குன்னு ஒரு கொள்கை இருக்குல்ல?”

மீட்டர்ப் பிரிவில் கணக்கே வேறு. “எங்களுக்கு ஏழு பேர் வேணும். ஆறு பேர் இருக்கோம். மூணு பேர் வர்றோம். இதுல எங்கம்மா குறைக்கிறது?”

தொட்டிப் பிரிவும் அனுமதிப் பிரிவும் எழுத்து மூலம் கேட்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்ததும், எழுத்து மூலம் மறுத்தார்கள்.

கடைசியாகப் புகார்ப் பிரிவு. அது மாடிப்படியின் கீழே, சைக்கிள்களுக்குப் பக்கத்தில் இருந்தது. சன்னலுக்கு வெளியே எப்போதும் இருபது பேர் நிற்பார்கள். பிரிவுத் தலைவியைப் புகாரம்மா என்பார்கள். ஒரு காதில் தொலைபேசியும் மறு காதில் வரிசையுமாக இருந்த அந்த அம்மாள், கேட்டதும் தலையில் கை வைத்தார்.

“ஆறு பேரை வச்சுக்கிட்டே மூச்சு முட்டுதுடி. பத்து டிகிரிக்கு எங்க போவேன்? வேணும்னா என் நாற்காலியிலயே பாதி தர்றேன், வந்து உக்காரு. இந்தா, இவர் வீட்டுல ஒன்பது நாளா தண்ணி வரலையாம், எழுது.”

அவள் பாதி நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள். ‘ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை’ என்று இருந்ததை இருந்தபடியே எழுதினாள். அவளுக்கு அப்போது அப்படித்தான் எழுதத் தெரியும்.

படம் வரைவதைப் பார்வையிட எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் கூட்ட அறைக்கு அழைத்திருந்தார்கள். கணினித் திரை சுவரில் பெரிதாகத் தெரிந்தது. புகாரம்மா மட்டும் வரவில்லை. சன்னலில் ஆள் நின்றுகொண்டிருந்தார்கள்.

“முதல்ல ஓவல் எடுக்கணும்,” என்றாள் தற்காலிகம்.

“ஓவல் எதுக்கு? வட்டம்தானே கேட்டோம்?” என்றார் மோட்டார்த் தலைவர்.

“இதுல வட்டம்னு தனியா ஒண்ணு இல்லைங்க சார். முட்டை மாதிரி இந்த ஓவல்தான் இருக்கு. ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டு இழுத்தா வட்டமா அடங்கும்.”

ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இழுத்தாள். வட்டம் வந்தது. நடுவில் படுக்கையாக ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டைப் பிரதி எடுத்து அறுபது பாகை திருப்பினாள். இன்னொரு பிரதி எடுத்து நூற்றிருபது திருப்பினாள். மூன்று கோடும் மையத்தில் சந்தித்தன. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துத் துண்டாக்கச் சொன்னதும் வட்டம் ஆறு துண்டாகப் பிரிந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. நடுவில் சின்னதாக இன்னொரு வட்டம் வைத்து ‘இயக்குநர்’ என்று எழுதினாள். ஓட்டை இல்லை. இயக்குநர் கைதட்டினார். வேலை நான்கு நிமிடத்தில் முடிந்தது.

பிறகு ஒன்பது நாள் கூட்டம் நடந்தது.

முதல் மூன்று நாள் கோட்டைப் பற்றி. இந்தக் கோடு எங்கள் பக்கம் தள்ளியிருக்கிறது என்று குழாய்த் தலைவர் கிளப்பினார். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். எட்டு மடங்கு பெரிதாக்கினாள். கோடு சாலை அகலத்துக்கு வந்தது.

“இவ்வளவு இடமா! இது யாருக்கு?” என்றார் மீட்டர்த் தலைவர்.

“அது கோடுதான் சார். பெருசாக்கினதால தெரியுது.”

“அதைத்தான் கேக்குறேன். தெரியாம இருந்த இடம் இது. இத்தனை வருஷமா யார் அனுபவிச்சாங்க?”

அடுத்த ஐந்து நாள், மேல் துண்டு யாருக்கு என்பதைப் பற்றி. மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் மேலே ஏறாது என்றார் ஒருவர். ஏறினாலும் குழாய் இல்லாமல் எங்கே போகும் என்றார் இன்னொருவர். அனுமதி இல்லாமல் எதுவுமே நகரக்கூடாது என்றார் மூன்றாமவர். தொட்டித் தலைவர் அதிகம் பேசாத மனிதர். எழுந்து ஜன்னலைத் திறந்து, வெளியே காலூன்றி நின்ற பெரிய தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். “எது உசரத்துல இருக்கு, நீங்களே பாருங்க,” என்று உட்கார்ந்துவிட்டார். மேல் துண்டு தொட்டிக்குப் போயிற்று.

கீழ்த் துண்டை யாரும் கேட்கவில்லை. அது கூட்டத்துக்கு வராத பிரிவுக்கு என்று ஒருமனதாக முடிவாயிற்று. இப்படியாகப் புகார்ப் பிரிவு அடியில் போனது.

ஒன்பதாம் நாள்தான் தற்காலிகத்தின் பத்துப் பாகை பேச்சுக்கு வந்தது. எல்லோரும் உருகினார்கள். பதினோரு வருடம் உழைத்த பெண்ணுக்குப் பத்துப் பாகை கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. யாருடைய துண்டிலிருந்தும் எடுக்கக் கூடாது என்று அடுத்த தீர்மானமும் நிறைவேறியது. இரண்டையும் சேர்த்து, வட்டத்துக்குக் கூடுதலாகப் பத்துப் பாகை ஒதுக்கித் தருமாறு மேலிடத்துக்கு ஒரு கடிதம் போனது.

வழக்கத்துக்கு மாறாக ஒரே வாரத்தில் பதில் வந்தது. “நடப்பாண்டில் வட்டம் ஒன்றுக்கு 360 பாகை மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளது. கூடுதல் பாகை குறித்து அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்.”

“பாத்தியா, மறுக்கலை,” என்று இயக்குநர் அவளைத் தேற்றினார். “அடுத்த வருஷம் கிடைச்சுடும்.”

“மாசக் கடைசிக்கு எட்டு நாள்தான் சார் இருக்கு.”

“அதான் சொல்றேன். பொறுமை வேணும்.”

அன்று மாலை வீட்டில் சொன்னாள். அவள் கணவன் தையல்காரன். வாயில் நூலைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

“ஆறு பேரும் பெரிய சட்டை கேக்குறான், துணி ஒண்ணுதான் இருக்கு. சரி. உன்னை எதுக்குடி கிழிக்கிறாங்க?”

அவள் தரையில் கிடந்த துணித் துண்டுகளைப் பொறுக்கினாள்.

மறுநாள் படம் அச்சுக்குப் போக வேண்டும். இயக்குநர் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். பக்கம் படுக்கை வாட்டில் இருந்தது. நடுவில் வட்டம். இரண்டு பக்கமும் வெள்ளை.

“இவ்வளவு இடம் சும்மாக் கிடக்கே. ஜனங்க காகிதம்மா இது, வீணாக்கலாமா?” அவள் கையிலிருந்த மவுஸை வாங்கிக்கொண்டார். “இந்த ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா வருமா?”

“சார், மூலையைப் பிடிங்க. ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டு—”

“இயக்குநர் ஷிஃப்ட்டெல்லாம் அழுத்த மாட்டாரும்மா. அதுக்கு ஆள் இருக்கு.”

வலது ஓரத்தைப் பிடித்து இழுத்தார். இடது ஓரத்தையும் பிடித்து இழுத்தார். படம் இரு பக்கமும் படர்ந்து காகிதத்தை நிறைத்தது.

“சார், முட்டை மாதிரி ஆயிடுச்சு,” என்றாள்.

“எங்கே? எனக்கு நல்லாப் பரந்து விரிஞ்ச மாதிரி இருக்கு. துறையோட வளர்ச்சி இப்பத்தான் தெரியுது.” அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரையும் குத்திவிட்டார்.

கோணமானி வந்தார். கைகளைத் துடைத்துக்கொண்டு கருவியை மையத்தில் வைத்தார். மேல் துண்டை அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி அளந்தார்.

“தொட்டி, எண்பத்திரண்டு.”

தலைகள் படத்தின் மேல் குனிந்தன.

“குழாய், நாப்பத்தொன்பது. மோட்டார், நாப்பத்தொன்பது. மீட்டர், நாப்பத்தொன்பது. அனுமதி, நாப்பத்தொன்பது.” காகிதத்தைத் திருப்பினார். “புகார், எண்பத்திரண்டு.”

அகலவாக்கில் இழுத்ததில் பக்கத்துத் துண்டுகள் நான்கும் நசுங்கிவிட, மேல் துண்டும் கீழ்த் துண்டும் வாயைப் பிளந்துவிட்டன. மேலே எட்டு நாற்காலி. கீழே எட்டு நாற்காலி. பக்கத்தில் இருந்த நான்கு பிரிவுகளுக்கும் நாலு நாலு.

“எங்க ஒன்பதை அவங்க ஒன்பதோட சேத்தா பதினெட்டு வருதே, அதுல ஒரு ஆள் வைக்கலாமே!” என்று குழாய்த் தலைவர் கையைப் பிசைந்தார்.

“ஒன்பது ஒன்பதுதான்,” என்றார் கோணமானி. “பக்கத்துல நின்னாப் பத்தாகாது.”

அன்று பிற்பகலே நாற்காலிகள் நகர்ந்தன. சாப்பாட்டுப் பைகள் தரைக்கு வந்தன. புகார்ப் பிரிவுக்கு இரண்டு நாற்காலி புதிதாக வந்து இறங்கியது. மோட்டார்ப் பிரிவில் நாற்காலி போன ஓர் எழுத்தருக்கு ஒன்று. இன்னொன்றைப் புகாரம்மா முந்தானையால் துடைத்து, தற்காலிகத்தின் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.

“உக்காருடி. பதினோரு வருஷமா ஆள் கேட்டு எழுதினேன், ஒரு நாய் திரும்பிப் பாக்கலை. அடியில தள்ளினாங்க, தானா வருது.”

நாற்காலி லேசாக ஆடியது. ஆனாலும் முழு நாற்காலி. பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. மேலிடத்து மேலதிகாரி மாசக் கடைசியில் வந்து படத்தைப் பார்வையிட்டுக் கையெழுத்துப் போட்டால் அவள் நிரந்தரம். அந்த ஒரு கையெழுத்துத்தான் பாக்கி.

நான்கு பிரிவுத் தலைவர்களும் இயக்குநர் அறைக்குள் ஒன்றாக நுழைந்தார்கள். அந்த அலுவலகத்தில் அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

“சார், இது வட்டமே இல்லை!”

இயக்குநர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். “இதுல இருக்கிறது யார் கையெழுத்து?”

“உங்க கையெழுத்து சார்.”

“வட்டம் இல்லாததுல நான் ஏன் கையெழுத்துப் போடப்போறேன்?”

அவர்கள் வந்த வழியே வெளியே போனார்கள். இருந்தாலும் எதிர்காலத்தில் குழப்பம் வரக்கூடாது என்று இயக்குநர் ஒரு விளக்க ஆணை வெளியிட்டார்: “இவ்வலுவலகத்தின் பதிவேடுகளிலும் பொருட்களிலும் வட்டம் என்று குறிப்பிடப்படும் எதுவும் இணைப்பில் கண்ட வடிவத்தில் இருக்க வேண்டும். முந்தைய வடிவம் உடனடியாகக் கைவிடப்படுகிறது.”

ரப்பர் முத்திரைகள் மாறின. கூட்ட அறைச் சுவர்க் கடிகாரம் மாறியது. பெரிய முள் பன்னிரண்டுக்கு வரும்போது சட்டத்தில் இடித்து நின்றுவிட்டதால், அதற்குப் பிறகு அங்கே நேரம் போகவில்லை. கூட்டம் நடத்த அது வசதியாகவே இருந்தது. ஆணை ஜீப்பின் சக்கரத்துக்கும் பொருந்துமா என்று ஓட்டுநர் எழுதிக் கேட்டார். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்ததும் அவர் மருத்துவ விடுப்பில் போனார்.

இதெல்லாம் அலுவலகத்துக்குள் நடந்தவரை ஊருக்குத் தெரியாது. தொட்டிப் பிரிவில் இப்போது எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேருக்கு வேலை காட்ட வேண்டும். நகரத்து மாடிகளில் நாலாயிரம் தண்ணீர்த் தொட்டிகள் இருந்தன, நாலாயிரத்துக்கும் அலுவலகம் கொடுத்த வட்ட மூடி. அவர்கள் ஆணையைப் படித்தார்கள். நாலே நாளில் பழைய மூடிகளை எல்லாம் கழற்றிக்கொண்டு புது மூடிகளைக் கொடுத்துவிட்டார்கள். அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் இவ்வளவு விரைவாக எதுவும் நடந்ததில்லை.

புது மூடிகள் முட்டை வடிவில் இருந்தன. தொட்டிகள் பழையபடியே இருந்தன.

புகார்ப் பிரிவுச் சன்னலில் வரிசை படிக்கட்டைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. எட்டு நாற்காலியும் போதவில்லை. வட்டம் சரியாகத்தான் கணித்திருக்கிறது, புகாருக்கு எட்டுப் பேர் தேவைப்படும் என்று அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று இயக்குநர் ஒரு சுற்றறிக்கையில் குறிப்பிட்டார்.

தற்காலிகம் காலையிலிருந்து மாலைவரை எழுதினாள். ‘மூடி தொட்டிக்குப் பொருந்தவில்லை.’ ‘மூடி பொருந்தாததால் தூசி விழுகிறது.’ ‘மூடி பொருந்தாததால் பல்லி விழுந்தது.’ பதிவேடு தினமும் தொட்டிப் பிரிவுக்குப் போய்வந்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே குறிப்பு: ‘மூடி ஆணைப்படி உள்ளது.’

மேலதிகாரி வருவதற்கு முந்தின நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“படம் போட்டவங்களைக் கூப்பிட்டு அவர் கேப்பாராம்,” என்றாள்.

கணவன் தையல் இயந்திரத்தை நிறுத்தினான். “என்ன கேப்பாரு?”

“இது வட்டமான்னு கேப்பாராம்.”

“நீ என்ன சொல்லுவே?”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைப்பியே, அதான் எனக்குப் பயம். இங்க பாரு. வட்டம்னும் சொல்லாதே, முட்டைன்னும் சொல்லாதே. இருமு. அதுக்குள்ள வேற யாராவது ஏதாவது சொல்லிடுவாங்க.”

மேலதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். களைத்த மனிதர். ஒரே நாளில் ஏழு அலுவலகம் பார்த்தாக வேண்டும், இது நான்காவது. இருமருங்கும் ஆட்கள் நிற்க, மேசைமேல் விரித்த படத்தைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“என்னங்க இது, யாராவது இது மேல உக்காந்துட்டாங்களா? நசுங்கியிருக்கு.”

“ஆணைப்படி உள்ள வட்டம், ஐயா,” என்றார் இயக்குநர்.

“ஆணை இருக்கட்டும். நான் அறிக்கையில ஏதாவது எழுதணும். எனக்கு மேல ஒருத்தர் இருக்காரு, அவர் கேப்பாரு. ஏன் இப்படி இருக்குன்னு ஒரு காரணம் கொடுங்க. ஒரே வரி போதும்.”

நாற்காலி இழந்த நான்கு தலைவர்களும் அவளையே பார்த்தார்கள். நிஜம் வெளியே வந்தால் அவர்களுக்கு இரண்டிரண்டு நாற்காலி திரும்பும். தொட்டித் தலைவரும் அவளையே பார்த்தார். கூட்டத்தின் பின்னால், படிக்கட்டிலிருந்து ஓடிவந்த மூச்சிரைப்போடு புகாரம்மா நின்றார். வெளியே வரிசை சத்தம் போடுவது மாடிவரை கேட்டது.

“படம் போட்டது யாரு?”

அவள் முன்னால் வந்தாள்.

“சொல்லும்மா. இது வட்டமா?”

அவள் இருமிப் பார்த்தாள். இருமல் வரவில்லை. மேசையில் படத்துக்குப் பக்கத்தில் அவளுடைய நிரந்தர ஆணை இருந்தது. அடியில் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. தன் வாய் திறப்பதை அவள் உணர்ந்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியாது.

“வட்டம் சரியாத்தான் இருக்கு ஐயா,” என்றாள். “காகிதம்தான் அகலமாயிடுச்சு.”

மேலதிகாரி அவளைப் பார்த்தார். முகத்தில் களைப்பு மெல்ல விலகியது.

“காகிதமா?”

“ஆமாங்க ஐயா. போன வருஷக் காகிதத்தோட வச்சுப் பாத்தாத் தெரியும். கொள்முதல் செய்யும்போதே கவனிச்சிருக்கணும்.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!” அவர் பேனாவைத் திறந்தார். “காகிதத்து மேல நடவடிக்கை எடுங்க. இந்தம்மா எத்தனை வருஷமா இருக்காங்க?”

“பதினொண்ணு ஐயா. தற்காலிகமா,” என்றார் இயக்குநர்.

“இப்படிப்பட்டவங்களையா தற்காலிகமா வச்சிருக்கீங்க?” என்று கடிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

நான்கு தலைவர்களும் படத்தை மறுபடி பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்து, காகிதம் அகலமாகிவிட்டது தங்களுக்கும் சந்தேகமாகவே இருந்தது என்றார்கள். புகாரம்மா மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவள் ஆணையை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கீழே வந்தாள். தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்போது அது ஆடவில்லை. யாரோ அதற்குள் காலுக்கடியில் காகிதம் மடித்து வைத்திருந்தார்கள்.

சன்னலில் அடுத்து நின்றவர் கட்டட வேலைக்காரர். சட்டையெல்லாம் சிமெண்ட். மூடியைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து வந்திருந்தார். அதை இறக்கிச் சன்னல் விளிம்பில் சாய்த்தார். அது ஒரு பக்கம் உருண்டது, பாதியில் நின்றுவிட்டது.

“பொருந்த மாட்டேங்குதும்மா. மூணு தடவை வந்துட்டேன். நேத்து தொட்டிக்குள்ள காக்கா செத்துக் கிடந்துச்சு. குழந்தைங்க அந்தத் தண்ணியத்தான் குடிச்சிருக்குங்க. ரெண்டுக்கும் காய்ச்சல்.”

அவள் மூடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, தேதி போட்டு, நிதானமாக எழுதினாள்: ‘மனுதாரரின் தொட்டி வட்டமாக இல்லை.’

“எழுதிட்டீங்களாம்மா? சரியாயிடுமா?”

“தொட்டியை எடுத்துக்கிட்டு வாங்க,” என்றாள். “அளந்து பாத்துடலாம்.”